சாந்தோம் காதலியும் பழவேற்காட்டு வில்லனும்

கதையைக் கேட்டால் எந்தத் தயாரிப்பாளரும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். ஹீரோ ஆங்கிலேயன். ஹீரோயின் போர்ச்சுக்கீசியப் பெண். குறுக்கே பீரங்கியோடு நிற்கும் டச்சு வில்லன். ரொமான்ஸ், சஸ்பென்ஸ், மூன்று நாட்டுக் கொடிகள். லொகேஷன் எங்கே என்கிறீர்களா? லிஸ்பன், வெனிஸ் என்று பட்ஜெட்டை ஏற்ற வேண்டாம். கும்மிடிப்பூண்டி பக்கம்தான்.

சிரிக்காதீர்கள், ஹீரோ சாமானியப்பட்டவர் இல்லை. பிரான்சிஸ் டே! சென்னையை 'நிறுவியவர்' என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அதே மகான். அப்போது அவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆர்மகான் கிளைக்குப் பொறுப்பாளர். ஆர்மகான் என்பது இன்றைய ஆந்திராவின் துகராஜபட்டினம். இப்போது ராக்கெட் விடுகிறார்களே ஸ்ரீஹரிகோட்டா, அதற்கும் வடக்கே. காதலி இருந்ததாகச் சொல்லப்படுவதோ சாந்தோமில். பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் கப்பலேறி நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். நடுவழியில் பழவேற்காடு. இன்றைக்கு அந்த ரூட்டில் டோல்கேட்டுக்குப் பயந்தால் போதும். அன்றைக்கு அங்கே இருந்தது டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை.

இந்த வில்லனைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தே ஆக வேண்டும். 1611-ல் ஆங்கிலேயரின் 'குளோப்' கப்பல் பழவேற்காட்டுக்கு வந்து, நாங்களும் துணி வாங்க வந்திருக்கிறோம் என்று பல்லைக் காட்டியது. டச்சு அதிகாரி வான் வெசிக் ஒரு காகிதத்தை நீட்டினார். எங்கள் அனுமதி இல்லாமல் வேறு ஐரோப்பியர் யாரும் இங்கே வியாபாரம் செய்யக்கூடாது, ராஜாவே எழுதிக் கொடுத்தது! இதில் வேடிக்கை, குளோபில் வந்த வியாபாரத் தலைகள் பீட்டர் புளோரிஸும் லூக்காஸ் ஆன்தூனிஸும் அசல் டச்சுக்காரர்கள். பழைய கம்பெனியை விட்டுப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஊரை ஆண்ட கொண்டம்மா என்ற பெண்மணியிடம் போய் முறையிட்டும் பார்த்தார்கள், பருப்பு வேகவில்லை. டச்சுக்காரனை டச்சுக்காரனே விரட்டினான், அவமானம் மட்டும் இங்கிலாந்துக்கு.

பெண் வீட்டாரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே சாந்தோம் போர்ச்சுக்கீசியர்கள் பழவேற்காட்டுக்கு வந்து டச்சுக்காரர்களின் பண்டகசாலையை நாசம் செய்துவிட்டுப் போனார்கள். அந்த ஆத்திரத்தில் 1613-ல் எழுந்ததுதான் கோட்டை. பொறுப்பேற்றுக் கட்டியவர் வெம்மர் வான் பெர்கெம். மண் நம்முடையது, பெயர் மட்டும் அவருடைய சொந்த மாகாணமான கெல்டர்லாந்துடையது. ஊர்ப் பாசம்! பொன்னேரிக்காரர்கள் யாரும் ஆம்ஸ்டர்டாமில் கோட்டை கட்டாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

இந்தக் கோட்டைக்காரர்கள் வாங்கி அனுப்பிய துணி அவ்வளவு புகழ் பெற்றது. மலேசியாவில் கைலிக்கு இன்றைக்கும் 'கெயின் பெலிகாட்' என்றே பெயர். பெலிகாட் வேறு எது, நம் பழவேற்காடுதான். அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களை அடிமைகளாக பட்டாவியாவுக்கு ஏற்றியும் அனுப்பினார்கள். ஆக, வில்லன் என்று நான் சொன்னது சினிமா பாஷையில் மட்டும் இல்லை.

நடுவில் ஒரு சமரசக் காட்சியும் உண்டு. 1619-ல் இரண்டு கம்பெனிகளும் ஐரோப்பாவில் ஒப்பந்தம் போட, ஆங்கிலேயர்கள் பழவேற்காட்டில் வந்து ஒண்டினார்கள். கோட்டைக் காவல் செலவில் பாதி அவர்கள் தலையில். பேச்சலர் ரூமில் வாடகை ஷேர் பண்ணிப் பார்த்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷத்தில் பெட்டி படுக்கையோடு கிளம்பி, 1626-ல் ஆர்மகானில் கடை போட்டார்கள். அங்கே எல்லாம் இருந்தது, நல்ல துணி மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது ஹீரோ என்ட்ரி. 1639-ல் பிரான்சிஸ் டே தெற்கே வந்து, சாந்தோமுக்கு வடக்கே ஒரு மணல் திட்டைப் பார்த்து, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் இடம் கேட்டார். நாயக்கர் தரப்பு ஆசைகளைக் கேளுங்கள். பாரசீகக் குதிரைகள் வேண்டும். வங்காளத்துக்கு ஆளனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிக்கொள்ள வசதி வேண்டும். சென்னை மாநகரம் பிறந்த பேச்சுவார்த்தை மேஜையில் குரங்கும் கிளியும் இருந்தன என்பதைப் பாடப்புத்தகம் எவ்வளவு நாசூக்காக மறைத்துவிட்டது பாருங்கள்!

சரி, காதல்? அவசரப்படாதீர்கள். டே மேலிடத்துக்குச் சொன்ன காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவிகிதம் மலிவு. ஆடித் தள்ளுபடி! கோட்டைச் செலவை நாயக்கரே ஏற்பார் என்று வேறு எழுதி வாங்கியிருந்தார். ஆட்கள் வந்து இறங்கியதும் நாயக்கர், நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று கைவிரித்தார். டே எந்த அளவுக்குத் துணிந்திருந்தார் தெரியுமா? கோட்டை முடியும் வரை ஆகிற பணத்துக்கெல்லாம் வட்டியை நானே கட்டுகிறேன் என்று மனிதர் முன்பே சபையில் அடித்துச் சொல்லியிருந்தார். பில்லைப் பார்த்து லண்டன் கொதித்தபோது, அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம், சாட்சி நாங்கள் என்று 1642-ல் அதே சகாக்கள் எழுதிப் போட்டுக்கொடுத்தார்கள். ஆபீஸ் கட்டடத்துக்கு எந்த மேனேஜராவது தன் பாக்கெட்டிலிருந்து இ.எம்.ஐ. கட்டுவானா? காதலுக்கு இதைவிடப் பலமான சாட்சியம் என்னிடம் இல்லை.

காதலியை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் கேப்டன். புத்தகம் வந்தது 1727-ல், சம்பவம் நடந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து! கேப்டனின் நிஜக் கடுப்பு வேறு. துறைமுகம் கிடையாது, அலை புரட்டியெடுக்கிறது, மசூலாப் படகில் நனைந்துகொண்டுதான் கரையேற வேண்டும். இவ்வளவு மோசமான இடத்தைப் புத்தியுள்ளவன் தேர்ந்தெடுப்பானா? சாந்தோம் வியாபாரத்தைக் கெடுக்க வந்திருப்பான், இல்லாவிட்டால் அங்கே ஒரு பெண் இருந்திருப்பாள், அடிக்கடி தொந்தரவில்லாமல் சந்திக்கப் பக்கத்திலேயே கோட்டை கட்டிக்கொண்டான் என்று ஊரில் பேசிக்கொள்வதை எழுதி வைத்தார். சைட் செலக்‌ஷனில் வந்த குற்றச்சாட்டு, காலப்போக்கில் காவியக் காதலாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர்? அவள் இருந்தாள் என்பதற்கே டே காலத்துக் காகிதம் எதுவும் பேசவில்லை. டேவுக்கு மொழிபெயர்த்த துபாஷ் பேரி திம்மப்பா பெயர் நிற்கிறது. நாயக்கர் பெயர் நிற்கிறது. நாயக்கரின் அப்பா சென்னப்பர் கடலோரம் வந்து ஒரு முழம் துணிகூட வாங்கியதாகத் தெரியவில்லை. வட்டி கிடையாது, பீரங்கி கிடையாது, டூயட் கிடையாது. பெற்ற பிள்ளைகளின் தயவில், மூன்று ஐரோப்பிய தேசங்கள் முட்டி மோதிய ஊருக்குக் கடைசியில் தன் பெயரை வைத்துக்கொண்டு போய்விட்டார்.