சாலரிக்குத் தாத்தா உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது, கீற்று போர்த்திய உப்புக் குவியல்களைப் பார்த்ததும் காரில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அது பெரிய மாமா. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரோமாபுரிச் சிப்பாய்க்குச் சம்பளமே உப்புதான்டா. அதுலேருந்து வந்ததுதான் சாலரி!"

பாதி உண்மை. லத்தீனில் 'சால்' உப்பு, 'சாலாரியம்' சம்பளம். பிரெஞ்சுக்காரர் வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சாலட், சாஸ், சாசேஜ் எல்லாம் ஒரே வம்சம், பங்காளிகள். ஆனால் சிப்பாய் தலையில் உப்பு மூட்டையை ஏற்றி அனுப்பியதாக அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. 1ஆம் நூற்றாண்டு ரோமாபுரி எழுத்தாளர், பெரியவர் பிளினி, உப்பையும் இந்தச் சொல்லையும் போகிறபோக்கில் முடிச்சுப்போட்டு வைத்தார். மூட்டை கட்டியது பின்னால் வந்த மாமாக்கள்.

ரோமாபுரிப் பணம் வருஷா வருஷம் இந்தியாவுக்குப் போகிறதே என்று வயிறெரிந்தவரும் இதே பிளினிதான். ரோமச் சரக்கு வந்திறங்கிய அரிக்கமேடு, புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டியபோது மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. உப்புதான் சம்பளம் என்றால், சாடியோடு வந்தவன் பக்கத்து மரக்காணத்தில் பத்துக் கூடை அள்ளிக்கொண்டு போய் ஊரில் சேனாதிபதி ஆகியிருக்க மாட்டானா?

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே சம்பளம் என்பார்கள். கேட்க அழகுதான். வடமொழிச் 'சம்பலம்' வழிச்செலவுக்கான கட்டுச்சோறு. அதுதான் மூலம் என்பது இன்னொரு கட்சி. என் ஓட்டு கட்டுச்சோற்றுக்கு. பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறதே!

மாமா இளநீருக்கு இறங்கிய நேரத்தில் நான் பாத்திப் பக்கம் போனேன். விடியுமுன் வந்து, வெயில் ஏறுமுன் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துவிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பாதமெல்லாம் வெடிப்பு, அதில் வெள்ளை வெள்ளையாக உப்பு. படித்த திமிரில் சிப்பாய்க் கதையை அவரிடமும் அவிழ்த்துவிட்டேன்.

"சம்பளமா? அது மாசம் பொறந்தா வர்றது தம்பி. எங்களுக்குக் கூலிதான். ஐப்பசி பொறந்து மழ புடிச்சா அதுவும் கெடையாது" என்றவர், கொஞ்சம் யோசித்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த ஊர்ல மழையே பேயாதா?"