திங்கட்கிழமை அண்ணன்

உங்கள் தாமானிலும் ஒருவர் இருப்பார். கெப்பாலா பத்தாஸில் எங்களுக்கு வாய்த்தவரை நான் திங்கட்கிழமை அண்ணன் என்பேன், அவர் காதில் விழாதபடி.

லீவு நாளிலேயே சட்டை தேய்ப்பார், பெட்ரோல் ஊற்றி வைப்பார். தொலையட்டும். பொறுக்க முடியாதது அவருடைய ஞாயிறு மத்தியானத் தூக்கம். மனிதர் சும்மா போய்ப் படுக்க மாட்டார். கோழிக்கறிச் சோறு முடிந்து கைகழுவியதும் வாசலுக்கு வந்து அறிவிப்பார்: "நாளைக்கு வேலை தம்பி, இப்பவே கொஞ்சம் தூங்கி வெச்சிக்கிறேன்." தூக்கத்தை ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு வைக்கிறவர். மூன்றரைக்கு எழுந்து வந்து, "ஒன்றரை மணி நேரம் சேர்ந்திருச்சு, ராத்திரி பதினொண்ணுக்குப் படுத்தாக்கூடப் போதும்" என்று கணக்கும் சொல்வார். ஒன்பதுக்கே அவர் விடும் கொட்டாவி எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

யூதர்கள் இதற்குச் சட்டமே வைத்திருக்கிறார்கள். வெள்ளி சாயங்காலம் தொடங்கும் ஓய்வுநாள், சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் முடியும். அதுவரை மறுநாளுக்கென்று எதையும் ஆயத்தம் செய்யக் கூடாது. வெள்ளி இரவுத் தட்டைச் சனி காலைச் சாப்பாட்டுக்காகக் கழுவலாம். கடைசிச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடக்க வேண்டியதுதான். கோப்பைக்கு மட்டும் விலக்கு. தாகத்துக்கு ஏது நேரம்? தூங்கவும் தடையில்லை. ஆனால் 'ராத்திரி வேலை இருக்கிறது, அதற்காகத் தூங்குகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது! ஜெர்மனி யூதர்களின் 13ஆம் நூற்றாண்டு நூலான செஃபர் ஹசீதிமில் இருக்கிறது. எழுதியவர் பக்கத்து வீட்டிலும் ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும். பினாங்குத் தீவில் யூதர்களின் பழைய இடுகாடுதான் மிச்சம், ஜாலான் சைனல் ஆபிடீனில். சட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர் தீவில் இன்னும் குடியிருந்தால் அண்ணனை அன்றைக்கே ஃபெரி ஏற்றியிருப்பேன்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். மகளுக்குச் சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் வேலை. அந்த வீட்டுக்கு வாரத்தில் இரண்டு திங்கட்கிழமை. சனி சாயங்காலம் மகளின் காரை முதலிலிருந்து கடைசிவரை துடைத்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, டேஷ்போர்டில் டோலுக்கான கார்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்போது கோபம் வருவதில்லை.

ஆனால் என் ஞாயிற்றுக்கிழமை என்ன பாவம் செய்தது? நாலு மணிக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "தம்பி, நாளைக்குப் பட்டர்வொர்த் ரோடு ஜாம் ஆகும், ஆறேகாலுக்கே கெளம்பிடுங்க. சட்டை தேய்ச்சாச்சா?"

தேய்க்கவில்லை அண்ணே. காலையில் தேய்ப்பேன், இல்லாவிட்டால் கசங்கலோடு போவேன். என் முதலாளி கேட்கட்டும், நீங்கள் கேட்காதீர்கள்.