பொந்தியல்: மெமரி கார்டு தென்படாமை குறித்து ஓர் ஆய்வு

மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு பொந்து உண்டு. அதில் மெமரி கார்டைச் செருகிய பின்னும் லினக்ஸ் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும் நிலையை இக்கட்டுரை 'தென்படாமை' எனக் குறிக்கும். களம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. காலம், இரவு 9 மணி முதல் 12.15 வரை. ஆய்வுப் பொருள், அண்ணன் மகளின் பையிலிருந்து எடுத்த கார்டு. அதில் வளைகாப்புப் படங்கள் இருப்பதாக ஐதிகம்.

எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு முறையே தென்படாமைக்குக் காரணம் என்பர் ஒரு சாரார். அஃது அன்று என்க. மைக்ரோசாஃப்ட் அதன் இலக்கணத்தை 2019இல் வெளியிட்டுவிட்டது. சாம்சங் எழுதிய டிரைவர் 2020இல் கெர்னல் 5.7இல் சேர்ந்தும் விட்டது. அன்றியும், 'எல்எஸ்பிஎல்கே' பட்டியலில் 'எம்எம்சிபிஎல்கே0' என்ற பெயரே வராதபோது கோப்பு முறையைப் பற்றி வாதிடுவது, பெண் பார்க்கவே போகாத வீட்டில் சீர் பேசுவதாகும்.

விளிம்பிலுள்ள 'லாக்' துண்டைப் பழிப்பாரும் உளர். உண்மையில் அது எதையும் பூட்டுவதில்லை. கார்டின் உள்ளே எந்தக் கம்பியும் அதைத் தொடுவதில்லை. துண்டு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று ரீடர்தான் தடவிப் பார்த்துக்கொள்கிறது. பூட்டியிருந்தாலும் எழுதத்தான் முடியாது, படிக்கத் தடையில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் அதை நகத்தால் பயபக்தியுடன் நகர்த்திவந்தது தனிக்கதை.

இனி ரீடரே செத்ததோ எனின், அதுவும் அன்று. ரியல்டெக் சில்லு இருக்கிறதென்று 'எல்எஸ்பிசிஐ' சாட்சி சொன்னது. அதற்குரிய டிரைவரை 'மோட்புரோப்' கொண்டு மும்முறை இறக்கி, மும்முறை ஏற்றினேன். நான்காம் முறை, பலன் கருதாமல். பிறகு 'டிமெசேஜ்' திறந்துவைத்துக் கார்டைச் செருகினேன். கெட்டுப்போன கார்டானால் 'எரர் -110' என்றாவது புலம்பும். காத்திருந்து காலம் கடந்தது என்பது அதன் பொருள். இங்கே அந்தப் புலம்பலும் இல்லை. இம்மௌனத்தைக் கெர்னலின் பிழை என முடிவுகட்டி, அரைப்பக்கம் குறிப்பும் எழுதிவிட்டேன்.

தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அண்ணன் மகள் எட்டிப் பார்த்தாள். "என்ன சித்தப்பா, வெறும் அடாப்டரைப் போட்டுப் போட்டு எடுக்கிறீங்க? சின்ன கார்டு என் போன்லதான இருக்கு!"

கழற்றிப் பார்த்தேன். மைக்ரோ கார்டின் 8 முனைகளை வெளியே உள்ள 9 முனைகளோடு இணைக்கும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே காற்று. உடல் நுழைந்ததும் பொந்தின் விசை அழுந்தியிருக்கிறது. லினக்ஸ் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. பதில் சொல்ல யாரும் இல்லை. கூட்டின் மேல் 'அடாப்டர்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூலபாடத்தைப் படிப்பது எங்கள் ஆய்வு மரபில் கடைசிக் கட்டம்.

படங்கள் மறுநாள் காலை வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன.