வரப்போகும் நாளின் வருகைப் பதிவு: சாணக்யபுரி டைம்ஷீட் பற்றிய ஒரு விசாரணை

1. ஆய்வுப் பொருள்

மாதக் கடைசியில் பொது விடுமுறை வந்தால், ஒப்பந்த ஊழியர்களுக்கு ஏஜென்சியிலிருந்து தவறாமல் ஒரு மின்னஞ்சல் வரும்: ‘டைம்ஷீட்டை முன்கூட்டியே அனுப்பவும்.’ 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. திங்களன்றே டைம்ஷீட் அனுப்பியவர், செவ்வாயும் புதனும் எட்டெட்டு மணி நேரம் உழைத்து முடித்துவிட்டதாகக் கையொப்பமிட்டார் என்பது பெறப்படும்.

2. களம்

தில்லிச் சாணக்யபுரியின் சாந்திபத்தில் அமெரிக்க, பிரெஞ்சு, சீனத் தூதரகங்கள் உள்ளன. ஜூலை 4, ஜூலை 14, அக்டோபர் 1 அந்நாடுகளின் தேசிய நாட்கள். நமக்கோ ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. விடுமுறை இவ்வளவு செழிப்பாக விளையும் மண் வேறில்லை.

3. முன்னோர் கொள்கை

இவ்வூர் யார் பெயரைத் தாங்கியுள்ளதோ, அந்தச் சாணக்யர் என்னும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பணியாண்டுக்கு 354 நாள் வகுத்து, ஆடியில் கணக்கு ஒப்படைக்கச் சொல்கிறது. அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்கிறது. பிந்தி வந்ததை முந்தி வந்ததாக எழுதுவது அவற்றுள் ஒன்று. அது வரவுக்குச் சொன்னது, வருகைக்கன்று என்பாரும் உளர். ஒப்பந்த ஊழியருக்கு வருகையே வரவு என்பதால் அது பொருந்தாது.

4. இலக்கண அமைதி

விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மயங்கலாம் என்பது நன்னூல். இங்கே விரைவு கணக்குப் பிரிவுக்குரியது; மிகுதி நினைவூட்டல் மின்னஞ்சல்களுக்கு; தெளிவு ஏஜென்சிக்கு; இயல்பு ஊழியருக்கு. சம்பளம் இவ்வாறு காலம் மயங்கி முன்னே வந்ததற்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

5. வகைப்பாடு

துணிந்தோர், எட்டு எட்டு என்று நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போவர். ஐயுற்றோர், ‘நாளை மெட்ரோ ஓடுமா?’ என்று கேட்டுவிட்டு நிரப்புவர். மூன்றாமவர், அனுப்பிய இரவே காய்ச்சல் காண்போர். லீவு போட்டால் திருத்திய டைம்ஷீட், அதற்கொரு விளக்கம், மேலதிகாரியின் மறுகையொப்பம் என்று நீளும். பில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். ஆகவே அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார். பொதுவாக நடந்ததைப் பார்த்துத்தான் ஆவணம் எழுதப்படும். இங்கே ஆவணத்தைப் பார்த்து நடப்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது.

6. முடிபும் பரிந்துரையும்

கௌடில்யர் காலத்தில் கணக்கன் ஒளித்துச் செய்த காரியத்தை, இன்று கணக்குப் பிரிவே ‘அவசரம்’ என்று தலைப்பிட்டுக் கேட்டு வாங்குகிறது. எனவே குற்றப் பட்டியலை முப்பத்தொன்பதாகக் குறைத்து, எஞ்சிய ஒன்றை அலுவலக ஆணையாக வெளியிடலாம்; முன்தேதியிட்டு.