முன்னால் புல்லட், பின்னால் டிக்கி

எங்கள் மாடி வீட்டு சாரிடம் ‘டூர் போயிட்டு வந்தீங்களாமே’ என்று கேட்டுவிடக் கூடாது. முகம் சுண்டிவிடும். டூர் என்றால் வேனில் போவது, வழியில் வாந்தி எடுப்பது, கோயில் வாசலில் செருப்பைத் தொலைப்பது. அவர் போவது ‘ரைடு’. ஓய்வுபெற்ற பணத்தில் 350 சிசி புல்லட் வாங்கிய அன்றே அவர் ரைடர் ஆகிவிட்டார். தாம்பரத்தில் இந்த இனம் இப்போது தெருவுக்கு ஒன்று தேறும். கண்டுபிடிப்பது சுலபம். மே மாத வெயிலில், முழங்கை முழங்கால் முதுகு என்று எங்கும் தகடு வைத்த கறுப்பு ஜாக்கெட்டுக்குள் ஒருவர் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தால் அவர்தான்.

இவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். புல்லட்டுக்கு முப்பதடி பின்னால் ஒரு ஸ்கூட்டர் வரும். அதில் சாரின் மனைவி டீச்சர் வருவார்.

டீச்சர் முதல் ரைடில் புல்லட்டின் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இடுப்பு பேச ஆரம்பித்தது. மதுராந்தகத்தில் டீச்சரும் பேச ஆரம்பித்தார். அடுத்த ரைடுக்குள் அந்த சீட்டில் பைகள் ஏறிக்கொண்டன. ஒரு பையில் டூல்கள். இன்னொன்றில் கூடாரம். அந்தக் கூடாரத்தை இன்றுவரை யாரும் பிரித்ததில்லை. ஆகவே டீச்சர், காய்கறி வாங்கப் போகும் 110 சிசி ஸ்கூட்டரையே வெளியூருக்கும் எடுத்தார். சுடிதாருக்கு மேல் சாரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துப்பட்டா, அதற்கு மேல் ஹெல்மெட். பாதுகாப்புக் கவசத்துக்குச் செலவு: பூஜ்யம்.

போன மாதம் இருவரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனுஷ்கோடி போய் வந்தார்கள். அந்தக் கதையை நான் இரண்டு முறை கேட்டேன். மொட்டை மாடியில் சார் சொன்னார், தண்ணீர்க் குழாயடியில் டீச்சர் சொன்னார். இரண்டிலும் ஊர்ப் பெயர்கள் மட்டும் ஒத்துப்போகின்றன.

ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ள சார் ஒரு ஜோடி இன்டர்காம் வாங்கியிருந்தார். கோவளம் வருவதற்குள், ‘இன்டிகேட்டர் போடு’, ‘லாரிக்குப் பின்னாடி போகாதே’, ‘இப்ப ஹாரன் அடி’ என்று பன்னிரண்டு உத்தரவுகள். மாமல்லபுரத்தில் டீச்சரிடமிருந்து பதில் நின்றுபோனது. சார் கணக்கில் அது சிக்னல் கோளாறு. குழாயடிக் கணக்கில் அதற்கு ஒரு பட்டன் உண்டு.

உப்பளத்தைப் பார்க்கத்தான் மரக்காணத்தில் நிறுத்தினேன் என்பார் சார். அங்கே டீக்கடைப் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். இங்கிலாந்து வண்டியை நம் ராணுவம் வாங்கியது, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்தது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது என்று வரலாறு முழுவதும் நடந்தேறியது. பெஞ்சிலிருந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மைலேஜ் எவ்ளோ குடுக்குது?’ என்றார்.

‘இது அதுக்கான வண்டி இல்லீங்க.’

பெரியவர் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார். ‘நாப்பத்தஞ்சு’ என்றார் டீச்சர். பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.

புல்லட் டேங்கில் 13 லிட்டர் பிடிக்கும், ஸ்கூட்டரில் 5 லிட்டர் சொச்சம். ‘உன் வண்டிக்காக எத்தனை தடவைதான் பங்க்ல நிக்கிறது’ என்பது சாரின் நிரந்தர மனத்தாங்கல். போகும்போது ஸ்கூட்டர் பெட்ரோலுக்காக நின்றது மூன்று தடவை, புல்லட்டின் வரலாற்றுக்காக நின்றது ஒன்பது தடவை. சொன்னவர் கணக்கு டீச்சர், தப்பிருக்காது.

வேளாங்கண்ணியில் இரவு தங்கல். மறுநாள் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் எல்லாம் ஒழுங்காகக் கடந்தன. தொண்டி தாண்டினால் சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். நடுவே ஒற்றைப் பனைமரம் ஒன்று தெரிய, அதோடு சேர்த்துப் படம் எடுக்க சார் புல்லட்டைச் சாலையை விட்டு இறக்கினார். ஸ்கூட்டரும் இறங்கியது. படம் நன்றாக வந்தது. வண்டியைத் திருப்பும்போது பின் சக்கரம் தரையோடு உட்கார்ந்திருந்தது.

ஆரக்கால் போட்ட சக்கரம், உள்ளே ட்யூப். பார்க்க அவ்வளவு லட்சணம். பஞ்சரானால் மட்டும் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். சார் டூல் பையைக் கொட்டினார். நெற்றியில் கட்டும் விளக்கு வந்தது, திசைகாட்டி வந்தது, மடக்கு மண்வெட்டிகூட வந்தது. பின் சக்கர நட்டுக்கான ஸ்பேனர் வரவில்லை. வண்டி 195 கிலோ. தள்ளலாம் என்று இரண்டடி தள்ளியவர், வேண்டாம் என்று ஜாக்கெட்டைக் கழற்றினார். இந்த இடத்தை மொட்டை மாடியில் அவர் சொல்லவில்லை.

டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தார். அந்த டிக்கியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். புளியோதரை, தட்டை, தைலம், மழைக்கோட்டு, பழைய துணி, வெற்று பாட்டில் எல்லாம் அதற்குள் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருக்கும். ஒரு பொட்டலத்தை எடுத்துச் சார் கையில் கொடுத்து, ‘சாப்பிட்டுட்டு நிழல்ல உக்காருங்க’ என்று சொல்லிவிட்டுத் தேவிபட்டினம் பக்கம் போய்விட்டார்.

முக்கால் மணி கழித்து ஸ்கூட்டர் திரும்பியது. பின் சீட்டில் பஞ்சர் கடைத் தம்பி, அவன் மடியில் இரும்புப் பெட்டி. சக்கரத்தைக் கழற்றி ட்யூபை உருவி, ‘ஒண்ணு இல்லண்ணே, நாலு முள்ளு’ என்றான். வேலை முடிய வெகுநேரம் ஆனது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கூட்டர் டயரையும் தடவினான். அதிலும் இரண்டு முள். ஆனால் அது ட்யூப்லெஸ். பிடுங்கினான், ரப்பர் திரியைச் சொருகினான், நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கினான். ஐந்து நிமிடம். ‘நீங்க எங்க வேணா போலாங்க்கா’ என்றான். நாலு முள்ளைவிட அந்த ‘க்கா’தான் சாருக்கு ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும்.

இதற்கிடையில், கழற்றி வைத்த ஹெல்மெட்டில் கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு கருவேலங்கிளையை பேட்டரி தீரும் வரை படம் பிடித்துவிட்டு அடங்கியது. ஆகவே 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தை, சார் கடந்ததற்குச் சாட்சி கிடையாது. நடுப்பாலத்தில் கடல்காற்று ஸ்கூட்டரைக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளியது. அப்போது டீச்சர் தாமாகவே அந்தப் பட்டனை அழுத்தினார்.

‘என்னங்க, எங்க போயிட்டீங்க?’

‘பின்னாடிதாம்மா வரேன். நீ போ.’

அந்தப் பயணத்தில் புல்லட் பின்னால் வந்தது அங்கே மட்டும்தான். இதையும் சார் சொல்லவில்லை.

1964 டிசம்பர் புயல் தின்றுபோட்ட தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-ல். இரு பக்கமும் கடல், சாலைமேல் காற்று கொண்டுவந்த மணல். நில முனையில் அசோகத் தூண். அதன் முன் புல்லட்டை நிறுத்தி, அதன்மேல் கையை ஊன்றி, தொலைவில் இலங்கை தெரிவதுபோல் பார்த்துக்கொண்டு, ‘ஏம்மா, ஸ்கூட்டர் ஃபிரேம்ல வருது, கொஞ்சம் தள்ளி நிறுத்து’ என்றார் சார். டீச்சர் நிறுத்திவிட்டு வந்து எடுத்தார். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் இடது ஓரத்தில் ஸ்கூட்டரின் கண்ணாடி ஒன்று எட்டிப்பார்க்கும்.

அடுத்தது கொல்லிமலையாம், 70 கொண்டை ஊசி வளைவு. வழியில் எங்காவது இவர்களைப் பார்த்தால் தயவுசெய்து சாரிடம் மைலேஜ் கேட்காதீர்கள். ஸ்கூட்டர் பக்கம் போங்கள். தட்டை இருக்கும், கேட்டால் டீச்சர் தருவார்.