வருவோர் போவோர் ஊர்

வேளச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் ஒரு சடங்கு உண்டு. வானிலை மையம் காற்றழுத்தத் தாழ்வு என்று வாயெடுத்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட வேண்டும். 2015 டிசம்பரில் பட்டு, 2023 டிசம்பரில் மிக்ஜாமில் மறுபடியும் பட்டுப் பெற்ற ஞானம் இது. எங்கள் வீட்டுக்காரரும் நிறுத்துவார். நிறுத்தியதோடு விடமாட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆளைப் பார்க்கப் போவதுபோல, காலையும் மாலையும் குடையோடு போய்க் காரைப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப் போய் வந்த ஒரு சாயங்காலம், ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, "நாம எதுக்கு இன்னும் இந்த ஊர்ல இருக்கோம்?" என்றார்.

நியாயமான கேள்விதான். வேலை இருந்தவரை வேலைக்காக இருந்தோம், பிள்ளைகள் படித்தவரை படிப்புக்காக. இப்போது பையன் சிங்கப்பூரில், பெண் பெங்களூரில். என் பென்ஷன் எந்த ஊர் வங்கிக்கும் வரும். மிச்சமிருப்பது மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்கள் மட்டும்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ள எங்களைவிட இளையவர்கள் இருக்கிறார்கள்.

இவர் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவர். மறுநாளே எக்ஸெல்லில் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. குடிநீர், ஆஸ்பத்திரி, ரயில், வாடகை, கோயில், காபி என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். நானோ தபால் துறையில் இருந்தவள். ஊர் என்றால் எனக்கு முதலில் பின்கோடுதான் நினைவுக்கு வரும். 1972இல் தேசம் மொத்தத்தையும் ஆறு இலக்கத்தில் அடக்கிய இலாகா எங்களுடையது. விருந்தாளிக்கு மட்டும் அதில் இலக்கம் ஒதுக்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்த இலக்கத்தை நானே மனசுக்குள் போட்டுக்கொண்டேன். இவருடைய பட்டியலில் ஏறாத கட்டம் அது: இந்த ஊருக்குப் போனால் யார் யார் வருவார்கள், வந்தால் எப்போது கிளம்புவார்கள்? இவர் பெரிய குடும்பத்தில் மூத்த மகன். சென்னையில் வீடு என்றால் அது பாதி லாட்ஜ். இன்டர்வியூவுக்கு வந்த பிள்ளைகள், கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம், கண் ஆபரேஷனுக்கு வந்த சித்தப்பா என்று எங்கள் கிரைண்டர் ஓய்ந்த நாள் குறைவு. எல்லாரும் நல்லவர்கள்தான். என் முட்டிக்குத்தான் அது புரிவதில்லை.

இவருடைய பட்டியலில் முதலில் வந்தது கும்பகோணம். காபிக்குப் பத்துக்குப் பத்து, கோயிலுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு. 612 001 என்றதும் எனக்கு நவக்கிரகங்கள்தான் கண்ணில் தெரிந்தன. திருநாகேஸ்வரம், ஆலங்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர் எல்லாம் சுற்று வட்டாரத்திலேயே இருக்கின்றன. குரு வருஷத்துக்கு ஒருமுறை பெயர்வார். ராகுவும் கேதுவும் ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை. சனி கொஞ்சம் தயவு பண்ணி இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்வார். கிரகம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெயர்ந்தால், பரிகாரத்துக்குச் சொந்தக்காரர்கள் நம் வீட்டுக்குப் பெயர்வார்கள். இதுவாவது தவணை முறை. 2016இல் நடந்த மகாமகம் அடுத்து 2028இல் வருகிறது. "அன்னிக்கு நம்ம வீட்டுல எத்தனை பேர் தங்குவாங்கன்னு ஒரு கட்டம் போடுங்க" என்றேன். இவர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

ஸ்ரீரங்கத்துக்கும் இதே கதிதான். அங்கே குடியேறினால் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் கூடத்தில் பாய் விரிக்கவே இடமிருக்காது. நள்ளிரவு தாண்டியதும் வரிசையாகக் குளியலறைக் கதவைத் தட்டுவார்கள். பெருமாள் வருஷம் முழுக்கப் படுத்திருக்கிறார், எனக்கு அந்தக் கொடுப்பினை இருக்காது.

புதுச்சேரி, கடல் பக்கம், சென்னைக்கும் நூற்றைம்பது கிலோமீட்டர்தான் என்று இவர் சொன்னபோது நான் எதிர்க்கவில்லை. செய்தியைக் கேட்டு இவருடைய தம்பிகள் காட்டிய உற்சாகம்தான் இவரையே யோசிக்க வைத்தது. அதுவரை தீபாவளிக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த கடைசித் தம்பி, "அண்ணனைச் சனி ஞாயிறு தனியா விடக்கூடாது" என்றார். அந்த ஊரில் பாட்டில் விலை குறைவு என்பது பாசத்தை இவ்வளவு தூரம் வளர்க்குமா!

தென்காசியில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி இருக்கிறாள். போன் போட்டேன். ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை மொட்டைமாடிக் கொடியில் தன் வீட்டுத் துணி காய இடமில்லை, அவ்வளவும் குற்றாலத்துக்கு வந்தவர்களின் ஈரத்துண்டு என்றாள். மைசூரு ஐந்தில் தொடங்குகிற பின்கோடு. ஆயுள் முழுக்க ஆறிலேயே இருந்துவிட்டு இனிமேல் பஸ் போர்டு படிக்கக் கன்னடம் கற்பானேன் என்று விட்டுவிட்டோம். தசரா கூட்டத்தை நான் வெளியே சொல்லவில்லை.

ஊட்டி ஒன்றுதான் என் மனசுக்கு நெருங்கி வந்தது. இவர் குளிரைச் சொன்னார், 2,240 மீட்டர் உயரத்தைச் சொன்னார், நெஞ்சு வலித்தால் கொண்டை ஊசி வளைவுகளில் கோவைக்கு இறங்க வேண்டியதைச் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலையேற வேண்டுமானால் ஈ-பாஸ் எடுக்க வேண்டும். அதைச் சொன்னது யார், நானா? சென்னை உயர் நீதிமன்றம்! எனக்காக வாதாட ஒரு நீதிமன்றமே கிடைத்திருக்கிறது என்று பூரித்துப்போனேன். இவர் குரங்குக் குல்லாவை எடுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். அத்தோடு ஊட்டி முடிந்தது.

கோவைக்கு நேரிலேயே போனோம். அங்கே சிறுவாணித் தண்ணீரைப் பற்றி யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலவச இணைப்பு. முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றைச் சுற்றிக் காட்டினார் மேனேஜர். "படியே இல்லீங்க, சறுக்குப் பாதைதானுங்க. நைட்டு ஏழரைக்கு டிபனுங்க. பெல் அடிச்சுருவோமுங்க." பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடியும் மணியடித்துச் சாப்பாடா என்று இவர் முகம் சுருங்கியது. சமைக்க வேண்டாம் என்ற இன்ப அதிர்ச்சியில் நான் இன்னும் சறுக்குப் பாதையிலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியாகத்தான் அவர் அந்த முத்தான விதியைச் சொன்னார். விருந்தாளி வந்தால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சாப்பாட்டுக்கு டோக்கன் தனி. தங்குவதற்கு நாள் கணக்கு உண்டு.

"இங்கேயே இருந்துடலாங்க" என்றேன்.

"எங்கக்காவுக்கு டோக்கன் வாங்கிச் சோறு போடச் சொல்றியா?" என்றார் இவர். ரயிலில் திரும்பி வரும்போது ஜோலார்பேட்டை வரை பேசவில்லை.

இனி ஒளித்துப் பயனில்லை என்று என்னுடைய ஊரை வெளியே எடுத்தேன். பெரம்பலூர், 621 212. மாவட்டத் தலைநகர், ஆனால் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து திருச்சி போகிற அத்தனை பேரும் அதன் ஓரமாகப் போகிறார்கள். அங்கேயே பிறந்தவர்களைத் தவிர இறங்குபவர்கள் குறைவு. நான் ஊரைக் குறைசொல்லவில்லை. வேறு எந்த ஊருக்கும் இல்லாத அந்தத் தகுதியை மதிக்கிறேன்.

இவர் நெடுநேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நம்மளப் பார்க்க யாருமே வரமாட்டாங்களா?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நானும் யோசித்தேன். யாருமே வராத வீட்டில் இவருக்கும் எனக்கும் நடக்கப்போகிற பேச்சுவார்த்தையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காலை பத்தரைக்கெல்லாம் விஷயம் தீர்ந்துவிட்டது.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் திருச்சி. இந்தப் பெயரை எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது பெண்தான். ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்றால், திருச்சியில் நாங்கள் எப்போதும் வண்டி மாறித்தான் இருக்கிறோம். பார்க்கப் பார்க்க விஷயம் இருந்தது. காவிரித் தண்ணீர். ஆட்டோ தூரத்தில் ஆஸ்பத்திரிகள். பையன் சிங்கப்பூரிலிருந்து நேரே வந்து இறங்க விமான நிலையம். வெயில் பற்றிக் கேட்டால் உள்ளூர்க்காரர்கள் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறார்கள்: வெயில், கடும் வெயில், அக்னி நட்சத்திரம் என்று பருவங்கள் மூன்று. என்னை வென்றது வேறு. திருச்சிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் வேறு எங்கேயோ போகிற வழியில் வருகிறார்கள். காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்துவிடுவார்கள். தெற்கே போகிற பாண்டியனும் நெல்லையும் நடுராத்திரி தாண்டித்தான் ஜங்ஷனைத் தொடும். அந்த நேரத்தில் எந்த அத்தையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கமாட்டாள். வருவார்கள், தங்கமாட்டார்கள். என் கட்டத்துக்கு முதல்முறையாகப் பத்துக்குப் பத்து. இவருக்கும் மனசு குளிர்ந்தது. ஆற்றுக்கு இக்கரையிலேயே, கே.கே. நகரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். 620 021.

பால் காய்ச்சிய வாரமே பெரிய நாத்தனார் கூப்பிட்டார். "ஏம்மா, வியாழக்கிழமை வைகையில மதுரைக்குப் போறோம். உன் வீட்டுக்கெல்லாம் வந்து தொந்தரவு பண்ணல."

"வாங்கண்ணி, அதுல என்ன தொந்தரவு" என்றேன், பெருந்தன்மையாக.

"இல்ல இல்ல, சாயங்காலம் திருச்சில வண்டி அஞ்சு நிமிஷம் நிக்குமாமே, தம்பிகிட்ட இட்லி மட்டும் கொடுத்தனுப்பு. ஆறு பேருக்கு. ரயில்ல விக்கிறது நமக்கு ஒத்துக்காது. டி 3 பெட்டி. சட்னியைத் தனியாக் கட்டு."

அதற்குப் பிறகு கடைசித் தம்பி கூப்பிட்டார், சித்தப்பா பேத்தி கூப்பிட்டாள். தெற்கே இவ்வளவு போக்குவரத்து நடப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. இவர் பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதுக் கட்டம் கட்டினார்: வண்டி, பிளாட்பாரம், பெட்டி நிற்கிற இடம், எத்தனை பேர், பொடியா சட்னியா. இவ்வளவு சந்தோஷமாக இவரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. ஐந்து நிமிஷத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டையைத் தொடங்கக்கூட முடியாது, எல்லாரும் சிரித்தபடியே ஏறிவிடுகிறார்கள் என்கிறார்.

வியாழக்கிழமை தூக்குச்சட்டியோடு இவர் வாசலில் ஸ்கூட்டரை எடுத்தபோது எதிர்வீட்டு அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "சார், வைகைக்கா? இதையும் கொண்டு போயிடுங்க. எங்க மச்சினர் டி 5ல வர்றார். நாளைக்கு உங்களோடதை எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போவார்."