பின்கதவு இல்லாத கேமரா

பழைய லைகாவில் ஃபிலிம் போட அடிமூடியைக் கழற்ற வேண்டுமாமே! முதுகில் ஒரு கதவு வைக்க ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாதா?

கதவு வைத்தால் வெளிச்சம் சும்மா இருக்குமா? வெட்டுப்படாத முதுகு உறுதியானது, கசிவுக்கும் இடம் குறைவு. சிரமமெல்லாம் ஃபிலிமுக்குத்தான். குறுகிய சந்தில் அது கீழிருந்து மேலே ஏற, முனையைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நாக்குபோல் கத்தரிக்க வேண்டும். இன்று கடையில் வாங்கும் 35 மி.மீ. சுருளின் முனை பாதி அகலத்தில் இருப்பது அந்த வழக்கத்தின் மிச்சம். 1954-இல் வந்த லைகா எம்3 முதுகில் ஒரு மடக்குக் கதவு பெற்றது. அடிமூடியோ அப்படியே தொடர்ந்தது!

ஃபிலிம் மாட்டவே தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

கேமராவையே பார்சல் கட்டினார்கள்! 1888-இல் வந்த முதல் கோடக், 100 படத்துக்கான ஃபிலிமோடுதான் விற்பனையானது. முடிந்ததும் அமெரிக்காவின் ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் தருவார்கள்.

ஃபிலிம் சரியாக மாட்டிக்கொண்டதா என்று எப்படி அறிவது?

எண்ணிக்கை முள்ளை நம்பாதீர்கள். ஃபிலிமே நகராவிட்டாலும் அது 36 வரை போகும். ஃபிலிமை நகர்த்தும்போது, திரும்பச் சுற்றும் குமிழ் கூடவே சுழல்கிறதா? அப்படியானால் தைரியமாகக் கல்யாண வீட்டுக்குப் போகலாம்.